கீர்த்தனாவுக்கு யார் ஊட்டினார்கள்?

போன வாரம், நர்ஸ் வேலையில் இருக்கும் உங்களில் இருவர் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். காப்பி குடித்து முடித்ததும் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். "ஆறு மாசம் முடிஞ்சா சோறு ஊட்ட ஆரம்பிங்கன்னு படிச்சுப் படிச்சு சொல்றோம் மேடம். கேக்கவே மாட்டேங்கறாங்க. பாட்டிலையே திணிக்கறாங்க. என்ன பண்றது?" போகப் போகத் தெரியும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். நீங்கள் கிளம்பிப் போன பிறகு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் அந்த வேலையில் இருந்தவள் சொல்கிற பதிலா அது? அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுத்தில் என்றால் தப்பிக்க முடியாது.

என் அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. டெல்லியில் மோதி பாக் குவார்ட்டர்ஸில் வளர்ந்து அங்கேயே தமிழ்ப் பள்ளியில் படித்தேன். அதனால் இதைத் தமிழில் எழுத முடிகிறது. என் பிள்ளைகளால் இதைப் படிக்க முடியாது என்பது வேறு கதை. நர்ஸ் வேலையின் பெரும்பகுதி ஜங்புராவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிஸ்பென்சரியில், தாய் சேய் பிரிவில் கழிந்தது. இரண்டு அறை, ஒரு வராந்தா, கொஞ்சம் முற்றம். ஜனவரியில் அறைக்குள் விரல் விறைத்துப்போகும் என்பதால் எடை மெஷினை முற்றத்து வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டு வருகிற குழந்தைகளை வெங்காயம் மாதிரி உரித்துத்தான் எடை பார்க்க வேண்டும். அதற்குள் அம்மாக்கள் நாலு ஊர்க் கதை பேசி முடித்துவிடுவார்கள். பாரபுல்லா நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரத்தில், நம் ஊர்க்காரர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பிலிருந்து வருகிற பெண்கள் என் மேஜைக்குத்தான் வரிசை கட்டுவார்கள், தமிழில் பேசலாம் என்று. அந்த வெயிலுக்காகவும் அந்தப் பேச்சுக்காகவும் இன்னொரு தடவை வேலைக்குப் போகலாம் என்று சில காலைகளில் இப்போதும் தோன்றும்.

செல்வி அந்த வரிசையில் வந்தவள்தான். அவள் பெயரையும் மற்ற பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். பிரசவமானதும் காய்ச்சல் கண்டு மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்தபோது பால் வற்றிவிட்டிருந்தது. குழந்தை கீர்த்தனா அதற்குள் பாட்டிலுக்குப் பழகிவிட்டாள். மறுபடி பால் சுரக்க வைக்க என்னாலான முயற்சியெல்லாம் செய்தேன், நடக்கவில்லை. சரி, பாட்டிலையாவது சுத்தமாக வைத்துக்கொள்ளட்டும், தண்ணீர் கலக்காமல் கொடுக்கட்டும், ஆறு மாதம் முடிந்ததும் சோற்றுக்கு மாற்றிவிடலாம் என்று விட்டேன். நான்காவது மாதத்தில் அவள் வேலைக்குத் திரும்பினாள். பெரிய வீடு ஒன்றில் சமையல், அந்த வீட்டுக் குழந்தையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். காலை பத்து மணிக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வருவாள்.

ஆறு மாதம் முடிந்தது. பருப்பும் சோறும் குழைத்துக் கரண்டியில் எடுத்தால் வழியாமல் நிற்க வேண்டும், கொஞ்சம் நெய் விடு, வாழைப்பழம் மசித்துக் கொடு என்றெல்லாம் செல்விக்குச் சொன்னேன். தலையாட்டினாள். ஏழாம் மாதம் எடை அப்படியே நின்றது. எட்டாம் மாதமும் நகரவில்லை. என்ன கொடுக்கிறாய் என்று கேட்டால், "எல்லாம் குடுக்கறோம் சிஸ்டர். பருப்பு சோறு, பழம், எல்லாம் திங்கிது" என்பாள். எடையைக் குறிக்கிற கார்டில் புள்ளிகள் தரையோடு தரையாகப் படுத்திருந்தன. தின்கிற குழந்தையின் கோடு அப்படி இருக்காது.

எட்டாம் மாதம் அவள் வந்த அன்று எனக்கு நல்ல நாள் இல்லை. தடுப்பூசிப் பெட்டி தாமதமாக வந்தது, கூட்டம் கேட் வரை நின்றது, உள்ளேயிருந்து டாக்டர் ஜல்தி ஜல்தி என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். இதையெல்லாம் காரணமாகச் சொல்கிறேனே தவிர, நியாயமாகச் சொல்லவில்லை. செல்வி மறுபடியும் "எல்லாம் திங்கிது" என்றதும் எனக்குள் ஏதோ அறுந்தது.

"வேலை செய்யற வீட்டுப் புள்ளைக்கு மட்டும் வேளாவேளைக்கு ஊட்டத் தெரியுது, உன் புள்ளைக்குப் பாட்டிலா?" என்றேன்.

உரத்துத்தான் சொன்னேன். வரிசையில் நின்ற பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும். செல்வி மெஷினிலிருந்து குழந்தையைத் தூக்கினாள். குழந்தைக்கு ஸ்வெட்டரை மாட்டினாள், பொத்தானை மாற்றிப் போட்டுவிட்டு, மறுபடி கழற்றிச் சரியாகப் போட்டாள். கார்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். டாக்டர் கார்டை ஏற்கெனவே பார்த்திருந்தார். அடுத்த தடவையும் எடை ஏறாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சீட்டு எழுதிவிடுவேன் என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

அடுத்த தடவை அவள் வரவில்லை. ஒன்பதாம் மாத ஊசிக்கும் வரவில்லை. கேம்ப்பிலிருந்து வந்த பெண்களிடம் விசாரித்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டாக்டர் பஞ்சாபி அம்மாள், அதிகம் பேசுகிறவர் இல்லை. அந்த ஊசி நாள் மதியம் என் மேஜைக்கு வந்து, ஆஸ்பத்திரிச் சீட்டை எழுதி என் முன்னால் வைத்துவிட்டு, துரத்தியது நீதான், கூட்டி வர வேண்டியதும் நீதான் என்று ஹிந்தியில் சொன்னார். கோபமில்லாமல் சொன்னதால் அதிகம் உறைத்தது.

மறுநாள் பதினோரு மணிக்கு மேல் கேம்ப்புக்குப் போனேன். செல்வி வேலைக்குப் போயிருப்பாள் என்று தெரியும். பக்கத்து வீட்டுப் பெண் யாராவது குழந்தையை வைத்திருப்பாள், அவளிடம் பேசிச் செல்வியை வரவழைக்கலாம் என்பது என் கணக்கு. நாலாவை ஒட்டிய சந்தில் நான்காவது வீடு. கதவு திறந்திருந்தது. உள்ளே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். செல்வியின் கணவர் ஏழுமலை. விடியற்காலை தெருக்கூட்டும் வேலைக்குப் போய்ப் பத்து மணிக்குத் திரும்பிவிடுவாராம். அவர் வந்ததும் செல்வி கிளம்புவாள். பத்திலிருந்து எட்டு வரை குழந்தை அவர் கையில்.

ஒன்பது மாதமாக நான் அந்தக் குழந்தையைப் பார்த்து வந்திருக்கிறேன். பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அம்மாவிடம் சொன்னால் குழந்தைக்குச் சொன்ன மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் பாட்டிலில் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். வாங்கிப் பார்த்தேன். பால் கெட்டியாக இருந்தது. பிஸ்கட்டைப் பொடித்துத் துணியில் சலித்துக் கலந்திருந்தார். கலவை இறங்குவதற்காக ரப்பரின் ஓட்டையை பிளேடால் பெரிதாக்கியிருந்தார். கட்டில் மேல் ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது. திறந்தேன். குழைத்த பருப்புச் சோறு, கேரட் மசித்துப் போட்டது, மேலே நெய் மினுங்கியது. நான் சொன்னது சொன்னபடி. செல்வி காலையில் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒரு விரல்கூடப் படவில்லை.

"இதை என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

குழந்தையின் வாயைத் துடைத்தார். பிறகு, தானே சாப்பிட்டுவிட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிடுவதாகச் சொன்னார். செல்வி கேட்டால் புள்ள தின்னுச்சு என்பாராம். தினமும்.

எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. வாய் வரை வந்ததை எப்படியோ அடக்கிக்கொண்டேன். அவர் குழந்தையைப் பிடித்திருந்த விதம்தான் அடக்க வைத்தது என்று நினைக்கிறேன். பாட்டில் பால் குடிக்கும்போதும் தலையை நிமிர்த்தி, ஒவ்வொரு மிடறுக்கும் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலட்சியமானவர் யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். ஏன் என்று மட்டும் கேட்டேன்.

கீர்த்தனாவுக்கு முன்னால் ஒரு பையன் இருந்திருக்கிறான், ஊரில். ஒரு வயது முடிந்து நாலு மாதம். செல்வி களை எடுக்கப் போயிருந்த பகலில் இவர்தான் பார்த்துக்கொண்டார். கொய்யாப்பழத் துண்டு ஒன்று தொண்டையில் அடைத்துக்கொண்டது. எடுக்கிறேன் என்று விரலை விட்டிருக்கிறார். அது இன்னும் உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது, போய்ச் சேர்ந்தபோது என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அவர் எனக்குச் சொன்னார். நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. செல்வி அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்கப்புறம் இருவரும் அந்தப் பேச்சே எடுத்ததில்லை. ஊரிலிருக்கவே முடியாமல்தான் டெல்லிக்கு வந்தார்கள்.

"இது வாயில கெட்டியா ஒண்ணு வச்சா எனக்கு கை நிக்க மாட்டேங்குது சிஸ்டர். பாலுன்னா எறங்கிடும் பாருங்க" என்றார்.

செல்வி கர்ப்பமாக இருந்தபோது அவள் கார்டை நிரப்பியது நான்தான். இதற்கு முன் பிரசவம் ஒன்று, உயிரோடு இருக்கும் குழந்தை இல்லை என்று என் கையெழுத்தில் இருக்கிறது. எப்படிப் போனது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கட்டத்தில் எண்ணை எழுதியதும் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன்.

என் பையில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அதுதான் விதி, அதில் தப்பும் இல்லை. குழந்தையை நன்றாகப் பார்த்தேன். மெலிந்திருந்தாள். ஆனால் காய்ச்சலோ வீக்கமோ இல்லை. கண்ணில் விளையாட்டு இருந்தது. என் வளையலைப் பிடித்து இழுத்து வாயில் வைக்கப் பார்த்தாள். அதில் ஏதாவது ஒன்று சரியில்லாமல் இருந்திருந்தால் நான் யோசித்திருக்கவே மாட்டேன், நீங்களும் யோசிக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்து எடையை ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் மறுபடி காலை பத்து மணிக்கு இதே கைக்குத்தான் வந்து சேருவாள்.

கையைக் கழுவிக்கொண்டு டப்பாவை எடுத்தேன். குழந்தையை நிமிர்த்தி என் எதிரே உட்கார வைத்து, விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து உதட்டில் தடவினேன். நாக்கால் வெளியே தள்ளினாள். மறுபடி வைத்தேன். மறுபடி தள்ளினாள். மூன்றாம் தடவை உள்ளே போனது. போன வேகத்தில் முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் முட்டி, உவ்வென்று குமட்டினாள். ஏழுமலை பாய்ந்து வந்தார். விரல் குழந்தையின் வாய்க்குப் போய்விட்டது. அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன்.

"சத்தம் வருது, கேளுங்க. இருமறா பாருங்க. சத்தம் வர்ற வரைக்கும் காத்து போகுது. அவளே வெளிய கொண்டு வருவா. நீங்க விரலை விடாதீங்க."

அவர் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார். எனக்கும் பயம்தான், அவருக்கு அது தெரியாமல் இருக்கவே அப்படி இறுக்கினேன். நூறு குழந்தைகள் குமட்டிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படி ஒரு மனிதர் பக்கத்தில் நிற்கும்போது பார்த்ததில்லை. இரண்டு மூன்று நொடிதான் இருக்கும். கீர்த்தனா ஓங்கி ஒரு இருமல் இருமினாள். சோற்றுப் பருக்கை என் புடவையில் வந்து விழுந்தது. அழுதாள். அழுகை நின்றதும் டப்பாவைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

அன்றைக்கு மூன்று வாய் சாப்பிட்டாள். சத்தம் நின்றுபோனால், முகம் நீலம் பாய்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவருக்குத் தலையணையை வைத்துச் செய்து காட்டினேன், அவரையும் செய்ய வைத்தேன். நீங்கள் பயிற்சியில் படித்ததுதான் அது. ஒன்பது மாதம் தாமதமாக அந்த மனிதருக்குப் போய்ச் சேர்ந்தது.

கிளம்பும்போது, செல்விகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர் என்று கேட்டுக்கொண்டார். நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்ல வேண்டும் என்றேன். 

டிஸ்பென்சரிக்குத் திரும்பி டாக்டரிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். சீட்டை எடுத்துத் தன் டிராயரில் வைத்தார். "ஒரு வாரம். உன் பொறுப்பில்" என்றார். அந்த வாரம் முழுக்க என் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேம்ப்புக்குப் போனேன். இரண்டாம் நாளும் நான்தான் ஊட்டினேன். மூன்றாம் நாள் டப்பாவை அவர் கையில் கொடுத்தேன். விரல் நுனியில் எடுத்தவர் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றும் நான்தான் ஊட்ட வேண்டியிருந்தது. நான்காம் நாள் அவர் கையை நீட்டிக்கொண்டே யோசிக்க, கீர்த்தனா பொறுமையிழந்து அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்திழுத்து விரலைச் சப்பிவிட்டாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. அதற்கப்புறம் நான் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே நாலா நாற்றம், பக்கத்து வீட்டு ரேடியோவில் ஹிந்திப் பாட்டு, உள்ளே ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மூச்சைப் பிடித்து விடும் அப்பா. என் வேலை நாட்களில் நான் அதிகம் நினைத்துப் பார்ப்பது அந்த ஆறேழு மதியங்களைத்தான்.

அடுத்த புதன்கிழமை மூன்று பேரும் டிஸ்பென்சரிக்கு வந்தார்கள். செல்வி அரை நாள் லீவு போட்டிருந்தாள். எடை ஏறியிருந்தது, பெரிதாக இல்லை, ஆனால் கார்டில் புள்ளி தரையை விட்டுக் கிளம்பியிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு அச்சா என்றார். அவரிடம் அது பெரிய பாராட்டு. விட்டுப்போன ஊசியையும் போட்டோம்.

அன்று கூட்டம் வழக்கம்போல இருந்தது. நான் எழுந்து நின்றேன். போன தடவை இந்தப் பெண்ணை நான் பேசியது தப்பு, அவள் செய்ய வேண்டியதை எல்லாம் செய்திருக்கிறாள், கேட்காமல் பேசியது நான்தான் என்று, அன்று திட்டியபோது எவ்வளவு உரக்கச் சொன்னேனோ அவ்வளவு உரக்கச் சொன்னேன். பெண்கள் சங்கடப்பட்டுக்கொண்டு தலையைக் குனிந்தார்கள். செல்வி குழந்தையின் சாக்ஸைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

ஊசிக்கு அழுத குழந்தையை ஏழுமலை தட்டிக்கொடுத்துக்கொண்டு முற்றத்தில் நடந்தபோது செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும் சிஸ்டர்" என்றாள்.

என்ன தெரியும் என்று கேட்டேன்.

"அவரு ஊட்டலன்னு. சோறு தின்ன புள்ள கை, சட்டையெல்லாம் அப்படி சுத்தமா இருக்குமா? ராத்திரி நான் வாயில வச்சுப் பார்ப்பேன், துப்பிடும். அவரு எழுந்து வெளிய போயிடுவாரு. அதான் வுட்டுட்டேன். கேட்டா பையன் பேச்சு வந்துடும். அந்தப் பேச்சு வந்தா அவரு தாங்க மாட்டாரு."

பாட்டிலை வீசி எறிந்திருக்கலாமே, என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. அவ்வளவு பேர் முன்னால் நான் திட்டியபோது, ஊட்டுவது நான் இல்லை, அவர்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். வாயைத் திறக்கவில்லை. எல்லாம் திங்கிது என்று என்னிடம் சொன்ன பொய் அவள் வீட்டு ஆளுக்காகச் சொன்னது.

"இந்த ஞாயித்துக்கெழம அவரே எல்லாத்தையும் சொன்னாரு. அழுதாரு. நான் அப்பதான் தெரிஞ்ச மாதிரி கேட்டுக்கிட்டேன். முன்னயே தெரியும்னு நீங்க அவருகிட்ட சொல்லிடாதீங்க."

அப்படி இரண்டு பேரும் ஆளுக்கொரு விஷயத்தை என்னிடம் கொடுத்து, மற்றவரிடம் சொல்லாதே என்றார்கள். அவருடைய விஷயத்தை அவரே சொல்லிவிட்டார். அவளுடையது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஏழுமலைக்குத் தமிழ் வாசிக்க வராது என்கிற தைரியத்தில் இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இது பதிலா என்று தெரியவில்லை. பாட்டிலையே திணிக்கிறார்கள் என்றீர்கள். திணிக்கிறவர் யார் என்று போய்ப் பாருங்கள். உங்கள் மேஜைக்கு வருகிறவரும் மதியம் ஊட்டுகிறவரும் ஒரே ஆள்தானா என்று கேளுங்கள். கார்டில் முன்பு ஒரு குழந்தை போயிருப்பதாக எழுதும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு எப்படி என்று கேளுங்கள். கூட்டம் கேட் வரை நிற்கும், எனக்குத் தெரியும். இருந்தாலும் கேளுங்கள்.

அப்புறம் நான் ஓய்வு பெற்றேன். கேம்ப்பை இடித்தார்கள். இடிப்பதற்கு முந்தின வாரம் பழகின முகங்களைப் பார்க்கலாமென்று போனேன். சந்து முழுக்கக் கட்டிலும் பாத்திரமும் மூட்டையுமாகக் கிடந்தது. சில பேருக்கு நரேலாப் பக்கம் வீடு என்றார்கள், சில பேருக்கு அதுவும் இல்லை. செல்வி குடும்பம் டெம்போவுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. கீர்த்தனா பள்ளிக்கூடம் போகிற பெண்ணாகிவிட்டாள், என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஆன்ட்டி நமஸ்தே என்றாள். ஏழுமலை முனைக் கடையிலிருந்து எல்லோருக்கும் பூரி வாங்கி வந்து எனக்கும் ஒரு தட்டு நீட்டினார். மூட்டைகள் மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். கீர்த்தனா ஏதோ பள்ளிக்கூடக் கதையை ஹிந்தியில் சொல்லிக்கொண்டே அவசர அவசரமாகத் தின்றாள். ஏழுமலை தன் தட்டைத் தொடவில்லை. மகள் ஒவ்வொரு வாயாக விழுங்கும்வரை அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்வி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"ஆறுது பாருங்க, சாப்பிடுங்க" என்றாள்.